கரண்ட் போகும் அந்த நொடியில் ஃப்ளாஷுக்குள் என்ன நடக்கிறது?

கேள்வியின் சுருக்கம் இது. பால் கூட்டுறவு சங்கங்களில் வைக்கும் பதிவுக் கருவி ஒன்றைச் செய்து விற்கிறீர்கள். எடை, கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) மூன்றையும் வாங்கி, விலை போட்டு, உறுப்பினருக்குச் சீட்டு அடித்துக் கொடுக்கும் கருவி. மூளை எஸ்டிஎம்32ஜி4 என்ற மைக்ரோகண்ட்ரோலர். பதிவுகள் 16 எம்பி எஸ்பிஐ நார் ஃப்ளாஷ் சிப்பில் (கரண்ட் இல்லாமலும் டேட்டாவை வைத்திருக்கும் நினைவகம்), ஃபாட் என்ற ஃபைல் அமைப்பை நடத்தும் ஃபாட்எஃப்எஸ் மென்பொருள் வழியாக நாளுக்கு ஒரு ஃபைலாகச் சேர்கின்றன. தராசின் அளவுத்திருத்த எண்கள் மைக்ரோகண்ட்ரோலரின் உள் ஃப்ளாஷில் இருக்கின்றன. களத்தில் சுமார் நூறு கருவிகள். கரண்ட் போய் வந்த பிறகு சிலவற்றில் அன்று காலைப் பதிவுகள் மட்டும் காணவில்லை. இரண்டு கருவிகளில் எல்லாமே காலி. ஒன்று ஆன் ஆகவே இல்லை. பெரிய கெப்பாசிட்டர் ஒன்று போட்டால் தீர்ந்துவிடுமா என்று கேட்கிறீர்கள்.

கெப்பாசிட்டர் போடுங்கள், ஆனால் கடைசியில் போடுங்கள். நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வெவ்வேறு கோளாறுகள். அவற்றில் எதற்கும் கெப்பாசிட்டர் மூல மருந்து இல்லை.

முதலில் காலைப் பதிவுகள். நார் ஃப்ளாஷில் ஒரு பிட்டை 1-இலிருந்து 0-ஆக மாற்ற முடியும். 0-ஐ மறுபடி 1-ஆக்க வேண்டுமானால் அது இருக்கும் செக்டர் என்ற பகுதி முழுவதையும் அழித்தாக வேண்டும். டபிள்யூ25க்யூ128 போன்ற சிப்களில் மிகச் சிறிய செக்டர் 4 கேபி. அதை அழிக்க, சிப்பின் ரகத்தைப் பொறுத்து, சாதாரணமாக 45 முதல் 100 மில்லிசெகண்ட் ஆகும். அதிகபட்சம் 400 வரை போகலாம் என்கிறது டேட்டாஷீட். 256 பைட் பேஜ் ஒன்றை எழுத ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவுதான். எழுதுவது மின்னல், அழிப்பது மாட்டுவண்டி.

ஃபாட் இந்தச் சிப்புக்காகப் பிறந்தது அல்ல. எந்தச் செக்டரையும் எத்தனை முறை வேண்டுமானாலும் அதே இடத்தில் மேலெழுதலாம் என்ற நம்பிக்கையில், ஃப்ளாப்பி காலத்தில் உருவானது. அதை நேராக நார் சிப்பின் மேல் உட்கார வைத்தால், ஒரு 32 பைட் பதிவைச் சேர்க்க என்ன நடக்கிறது பாருங்கள். செக்டரை ராமுக்குள் படிக்கிறது, புதிய பதிவை அதில் சேர்க்கிறது, சிப்பில் அந்தச் செக்டரை அழிக்கிறது, பிறகு முழுதாகத் திருப்பி எழுதுகிறது. அழிப்பு நடக்கும் அந்த 45 மில்லிசெகண்டில், அந்தச் செக்டரில் முன்பே இருந்த பதிவுகள் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கின்றன: ராமில். கரண்ட் போனால் அதுவும் போச்சு. 4 கேபியில் 32 பைட் பதிவுகள் 128 அடங்கும். ஒரு பதிவைச் சேர்க்கப் போய், அதற்கு முன் ஒழுங்காக எழுதி முடித்த நூற்றுச்சொச்சம் பதிவுகளைப் பலி கொடுக்கிறோம். உங்கள் காலைப் பதிவுகள் போன வழி இதுதான்.

இது எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். ஒவ்வொரு பதிவுக்கும் ஃபைலை ஒத்திசைக்கிறீர்கள், அதாவது உடனுக்குடன் சிப்பில் எழுதிவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் டேட்டா செக்டர் ஒன்று, டைரக்டரி செக்டர் ஒன்று, ஆக இரண்டு அழிப்பு, 90 மில்லிசெகண்ட். காலையில் 200 பேர் பால் ஊற்றினால் மொத்தம் 18 நொடி. இரண்டு மணி நேரக் கொள்முதலில் 18 நொடி என்றால் நானூறில் ஒரு பங்கு. அதாவது கொள்முதல் நேரத்தில் வரும் கரண்ட் கட்களில் நானூற்றுக்கு ஒன்று எதையாவது தின்றுவிடும். உங்கள் மேசையில் நாற்பது முறை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தபோது ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் களத்தில் நூறு கருவிகள், கருவிக்கு நாளொன்றுக்குக் கொள்முதல் நேரத்தில் ஒரு கட் என்றால் நான்கு நாளைக்கு ஒரு புகார்.

கூடவே ஒன்று. ஒரு டைரக்டரி செக்டரில், குறும்பெயர்களாக இருந்தால், 128 ஃபைல் பெயர்கள் அடங்கும். காலை, மாலை சேர்த்து நாளுக்கு 400 முறை அழித்தால் 128 நாளில் அந்த ஒரே செக்டர் 51,200 முறை அழிந்திருக்கும். இந்த வகைச் சிப்களின் ஆயுள் செக்டருக்கு ஒரு லட்சம் அழிப்பு. நாலு மாதத்தில் பாதி ஆயுள் காலி. சிப்பின் மற்ற செக்டர்கள் எல்லாம் புத்தம்புதிதாக இருக்கும்.

இரண்டாவது, எல்லாமே காலியான கருவிகள். டைரக்டரி செக்டர் அழிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கலாம். அப்படியானாலும் ஃபைல்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எனக்கு அதைவிட அதிகச் சந்தேகம் உங்கள் கோடில் இருக்கும் ஒரு வரியின் மேல். மவுன்ட் (சிப்பிலுள்ள ஃபைல் அமைப்பைத் திறப்பது) தோற்றால் ஃபார்மட் செய் என்று எங்காவது எழுதியிருக்கிறீர்களா? பெரும்பாலானோர் எழுதுவார்கள். தொழிற்சாலையில் புதுச் சிப்பை முதல் முறை ஆன் செய்யும்போது வசதி. களத்தில் அது கொலைக்கருவி.

காரணம் இது. மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து உடனே மீண்டால் மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட் ஆகிவிடும், ஃப்ளாஷ் சிப் ஆகாது. அது பாட்டுக்குத் தன் அழிப்பு வேலையைத் தொடரும். அந்த நேரத்தில் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைத் தவிர வேறு எதைப் படித்தாலும் சிப் பதில் சொல்லாது. பதில் வராத கம்பியில் பெரும்பாலும் எல்லா பிட்டும் 1 என்று வாசிக்கும். எல்லாம் 1 என்றால் அழித்த சிப் மாதிரியே இருக்கும். உங்கள் பூட் கோட் “புதுச் சிப் போலிருக்கிறது” என்று நினைத்து ஃபார்மட் செய்துவிடும். டேட்டா கெட்டுப்போகவே இல்லை. நாமே கூட்டித் தள்ளியிருக்கிறோம். ஆகவே ஆன் ஆனதும் மின்னழுத்தம் நிலைபெறும்வரை பொறுங்கள். பிறகு சிப்பின் பிஸி பிட் இறங்கும்வரை காத்திருங்கள், அரை நொடி ஆனாலும் சரி. அதற்குப் பிறகு சாஃப்ட் ரீசெட் கட்டளை, அப்புறம் அடையாள எண்ணைப் படித்துச் சரிபார்ப்பது. பிஸியாக இருக்கும்போதே ரீசெட் கட்டளை கொடுத்தால் பாதி வேலை அறுந்துபோகும், அதனால்தான் இந்த வரிசை. ஃபார்மட் என்பது சர்வீஸ்காரர் பாஸ்வேர்ட் போட்டுச் செய்யும் வேலையாக மட்டும் இருக்கட்டும்.

மூன்றாவது, ஆன் ஆகாத கருவி. இதில் சிப் செத்துவிட்டது என்று போர்டை மாற்றியிருப்பீர்கள். எஸ்டிஎம்32ஜி4-இன் உள் ஃப்ளாஷ் 64 பிட்களாக எழுதும். ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 பிழைதிருத்தப் பிட்களைத் தானாகச் சேர்த்து வைக்கும். எழுதும்போதோ அழிக்கும்போதோ கரண்ட் போனால் இரண்டும் பொருந்தாமல் போகும். ஒரு பிட் பிழை என்றால் தானே திருத்திக்கொள்ளும். இரண்டு பிட் என்றால், ஓடும் வேலையை நிறுத்திக் கையாளி என்ற தனிக் கோடுக்குத் தாவ வைக்கும் என்எம்ஐ இன்டரப்டைத் தூண்டும். அதற்கு நீங்கள் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால், அதன் இயல்புக் கையாளி முடிவில்லாத லூப். கருவி ஆன் ஆகும், அளவுத்திருத்த எண்ணைப் படிக்கும், என்எம்ஐ வரும், லூப்பில் நிற்கும். வாட்ச்டாக் (கோடு சிக்கி நின்றால் ரீசெட் செய்யும் டைமர்) இருந்தால் ரீசெட் ஆகி மறுபடி அதே இடத்தில் விழும். கருவி உயிரோடுதான் இருக்கிறது, வாசற்படியில் தடுக்கி விழுந்துகொண்டே இருக்கிறது. என்எம்ஐ கையாளிக்குள் பிழைக் கொடியைப் பார்த்து, அதை அழித்து, “இந்தப் பிரதி கெட்டது” என்று குறித்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். அளவுத்திருத்தத்துக்கு எப்போதும் இரண்டு பிரதிகள், இரண்டு தனிப் பேஜ்களில். ஒன்றை எழுதி, படித்துச் சரிபார்த்த பிறகே மற்றதைத் தொட வேண்டும். இன்னொன்று: தினமும் மாறும் எதையும் அந்தப் பேஜ்களில் வைக்காதீர்கள். வருடத்துக்கு இரண்டு முறை மாறும் எண், நிமிடத்துக்கு ஒரு முறை மாறும் எண்ணோடு ஒரே வீட்டில் குடியிருந்தால் ஆபத்து அதற்குத்தான்.

சரி, இனி எப்படி அமைப்பது? இங்கே இரண்டு வாக்குறுதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்பே எழுதி முடித்த பதிவு சாகக்கூடாது என்பது ஒன்று. இப்போது எழுதிக்கொண்டிருக்கும் பதிவு பிழைக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதை எழுதும் முறையே காக்க வேண்டும். எந்த மைக்ரோசெகண்டில் கம்பியை வெட்டினாலும் அது உடையக்கூடாது. இரண்டாவதற்குத்தான் கெப்பாசிட்டர். இந்த இரண்டையும் குழப்பி, முதலாவதைக் கெப்பாசிட்டர் தலையில் கட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

முதல் வாக்குறுதிக்கு உங்கள் கருவியில் ஃபைல்சிஸ்டமே தேவையில்லை என்பது என் கருத்து. சங்கத்தில் கணக்கு எழுதுபவர் பேரேட்டில் எழுதியதை அழித்து அதன் மேல் எழுத மாட்டார். தவறு என்றால் கீழே ஒரு திருத்த வரி போடுவார். ஃப்ளாஷும் அதே குணம் கொண்டது. அதை அப்படியே பேரேடாகப் பயன்படுத்துங்கள். 16 எம்பியை 4,096 செக்டர்களாக, வட்டமாகச் சுற்றும் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செக்டரின் முதல் 32 பைட் தலைப்பு: அடையாளக் குறி, ஏறிக்கொண்டே போகும் வரிசை எண், சிஆர்சி (டேட்டா கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்). மீதியில் 127 பதிவுகள். ஒவ்வொரு பதிவிலும் உறுப்பினர் எண், நேரம், லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப், விலை, பதிவு எண், கடைசியில் சிஆர்சி. ஒரு பதிவு எழுதுவது என்றால் அடுத்த காலி இடத்தில் 32 பைட் போடுவது, அவ்வளவுதான். பதிவு நேரத்தில் அழிப்பு இல்லை. முந்தைய பதிவுகளை யாரும் தொடுவதில்லை. நாளுக்கு 400 பதிவு என்றால் ஒரு சுற்று முடிய மூன்றரை ஆண்டு ஆகும்; செக்டருக்கு மூன்றரை ஆண்டுக்கு ஒரு அழிப்பு. தேய்மானம் என்ற பேச்சே எழாது.

அழிப்பை முன்கூட்டியே, ஓய்வு நேரத்தில் செய்துவிடுங்கள். அடுத்து வரப்போகும் ஒன்றிரண்டு செக்டர்கள் எப்போதும் தயாராக இருக்கட்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு, பலர் வழுக்கும் இடம். பாதியில் அறுந்த அழிப்பு, செக்டரை எல்லாம் 1 என்று காட்டலாம். நார் ஃப்ளாஷின் செல்லில் இருந்து எலக்ட்ரான்களை வடிப்பதுதான் அழிப்பு. பாதி வடிந்த செல் எல்லைக்கோட்டில் நிற்கும். விடியற்காலைக் குளிரில் 1 என்றும் மதிய வெயிலில் 0 என்றும் வாசிக்கக்கூடும். ஆக, படித்துப் பார்த்துக் காலியாக இருக்கிறது என்று நம்பி அதில் எழுதினால், இன்று சிஆர்சி சரியாக வரும், அடுத்த வாரம் வராது. அழிப்பு முடிந்தது என்று சிப் சொன்ன பிறகு மட்டும் தலைப்பை எழுதுங்கள். தலைப்பு செல்லுபடியாக இல்லாத எந்தச் செக்டரையும், அது எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும், பயன்படுத்தும் முன் மறுபடி அழியுங்கள்.

இதே சங்கடம் எழுதுவதிலும் உண்டு. கரண்ட் போன கணத்தில் எழுதிக்கொண்டிருந்த கடைசிப் பதிவு அரைகுறையாக நின்றிருக்கலாம், ஆனாலும் ஆன் ஆகும்போது சிஆர்சி தேறிவிடலாம். அதனால் ஆன் ஆனதும் கடைசிப் பதிவு தேறினால் அதே பதிவு எண்ணோடு அடுத்த இடத்தில் ஒரு நகல் போட்டுவிடுங்கள். ஒரே எண்ணில் இரண்டு இருந்தால் கணக்கில் ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம். தேறாவிட்டால் அந்த இடத்தைத் தாண்டிப் போங்கள், அதன் மேல் எழுத முயல வேண்டாம். சிஆர்சியைச் சுழியத்திலிருந்து தொடங்காதீர்கள். தொடங்கினால் எல்லாம் 0-ஆக இருக்கும் குப்பைப் பதிவுக்கும் விடை 0 வந்து, சரியான பதிவு என்று ஏமாற்றும்.

மொத்த லிட்டர், மொத்தத் தொகை போன்றவற்றைச் சேமிக்கவே வேண்டாம். ஆன் ஆகும்போது பதிவுகளிலிருந்து கூட்டிக்கொள்ளலாம். 4,096 தலைப்புகளையும் படித்து எது கடைசிச் செக்டர் என்று கண்டுபிடிக்க, 20 மெகாஹெர்ட்ஸ் எஸ்பிஐயில் பத்தில் ஒரு பங்கு நொடிதான் ஆகும். நொடிக்கு நொடி மாறும் எண் எதையாவது கட்டாயம் காக்க வேண்டுமென்றால் அதற்கு மட்டும் ஒரு சிறிய எஃப்ராம் சிப் போடுங்கள். அதற்கு அழிப்பே கிடையாது, எழுதிவிட்டுக் காத்திருப்பதும் கிடையாது, பல வகைகள் லட்சம் கோடி முறைக்கு மேல் எழுதத் தாங்கும். பைட்டுக்கு விலை அதிகம், ஆனால் உங்களுக்கு 8 கேபி போதும்.

ஃபைலாகத்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு லிட்டில்எஃப்எஸ். மைக்ரோகண்ட்ரோலர்களுக்காக, கரண்ட் எப்போது வேண்டுமானாலும் போகும் என்பதை முதல் நிபந்தனையாக வைத்து எழுதப்பட்டது. பழையதைத் தொடாமல் புதிய இடத்தில் எழுதி, கடைசியில் சுட்டியை மட்டும் மாற்றும். நல்ல வேலை. ஆனாலும் பேரேடு போதுமான இடத்தில் நான் அதைக் கொண்டுவர மாட்டேன்.

அடுத்து, இதில் மின்னணுவியலே இல்லாத ஒரு பகுதி. உங்கள் கருவி சீட்டை எப்போது அடிக்கிறது? எழுதுவதும் அடிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கிறது என்றால் மாற்றுங்கள். பதிவை எழுதி, திருப்பிப் படித்து, ஒத்துப்போன பிறகே சீட்டு. அப்போது உறுப்பினர் கையில் சீட்டு இருந்தால் பதிவு கட்டாயம் இருக்கிறது என்று அர்த்தம். சீட்டு வராத நேரத்தில் கரண்ட் போனால் இரண்டில் ஒன்று: பதிவு ஏறவில்லை, அல்லது ஏறிவிட்டது சீட்டு மட்டும் வரவில்லை. ஆன் ஆனதும் கடைசிப் பதிவைத் திரையில் காட்டி “நகல் சீட்டு அடிக்கவா?” என்று கேளுங்கள். சங்கச் செயலாளர் பார்த்தே முடிவு செய்துகொள்வார். சங்கத்தில் நடக்கும் சண்டை எல்லாம் சீட்டு இருந்தும் கணக்கில் இல்லை என்பதற்குத்தான். சீட்டே வராததற்கு யாரும் சண்டை போட மாட்டார்கள், பாலை இன்னொரு முறை தராசில் வைப்பார்கள்.

இதற்கு இன்னொரு லாபமும் உண்டு. தெர்மல் பிரிண்டர் தலை சூடாகும்போது ஓரிரு ஆம்பியர் இழுக்கும். ஏற்கெனவே தொய்ந்திருக்கும் கிராமத்து மின்னழுத்தத்தில், அடாப்டரைத் தடுமாற வைக்க அதுவே போதும். எழுதும் வேளையில் பிரிண்டர் ஓடாமல் இருப்பதே பாதி நிவாரணம்.

இப்போது கெப்பாசிட்டருக்கு வருவோம். போடும் இடம் முக்கியம். கெப்பாசிட்டரில் பயன்படும் ஆற்றல் ½ × கொள்ளளவு × (தொடக்க வோல்ட்டின் வர்க்கம் − முடிவு வோல்ட்டின் வர்க்கம்). 4,700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 5 வோல்ட் பக்கம் போட்டு, 4.5 வரைதான் இறங்கலாம் என்றால் கிடைப்பது 0.011 ஜூல்; ஒரு வாட் இழுக்கும் கருவிக்குப் பத்து மில்லிசெகண்ட் சொச்சம். அதே கெப்பாசிட்டரை 12 வோல்ட் பக்கம் போட்டு, ரெகுலேட்டர் 6 வோல்ட் வரை தாங்கும் என்றால் 0.25 ஜூல். ரெகுலேட்டரின் திறனை 85 சதவீதம் என்று வைத்தால் 0.21 நொடி. ஒரே பொருள், இருபது மடங்கு நேரம். வர்க்கம் செய்யும் வேலை.

அடாப்டருக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவே ஒரு ஷாட்கி டையோடு கட்டாயம். இல்லாவிட்டால் கெப்பாசிட்டர் அடாப்டருக்குள்ளேயே திரும்பி வடியும். பிரிண்டரின் இணைப்பு டையோடுக்கு முன்னால் பிரிந்து போகட்டும். பின்னால் இருந்தால் நீங்கள் சேர்த்து வைத்த 0.25 ஜூலைப் பிரிண்டர் ஒரே உறிஞ்சில் குடித்துவிடும். கரண்ட் போனதை அறிவதும் டையோடுக்கு முன்னால், 12 வோல்ட் பக்கத்தில். இரண்டு ரெசிஸ்டர், ஒரு கம்பேரட்டர், 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் இன்டரப்ட். மைக்ரோகண்ட்ரோலருக்குள் இருக்கும் மின்னழுத்தக் காவலன் 3.3 வோல்ட்டைத்தான் பார்க்கிறது. சுமார் 2.9-இல் அது கத்தும்போது வீடு ஏற்கெனவே எரிந்திருக்கும்.

அந்த இன்டரப்டில் என்ன செய்வது? பலர் அங்கே எல்லாவற்றையும் சேமிக்க ஓடுவார்கள். வேண்டாம். கரண்ட் போகும் நேரத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். பிரிண்டரையும் திரை வெளிச்சத்தையும் அணையுங்கள், புதிய அழிப்பும் புதிய பதிவும் தொடங்கக்கூடாது என்று ஒரு கொடி ஏற்றுங்கள், ஓடிக்கொண்டிருப்பது முடியட்டும். 32 பைட் எழுத்து முடிய, மோசமான நிலையிலும், 3 மில்லிசெகண்ட் போதும். 0.21 நொடியில் அதற்கு எழுபது மடங்கு இடம் இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்தது 400 மில்லிசெகண்ட் அழிப்பு என்றால் முடியாமல் போகலாம்; போகட்டும், தலைப்பு இல்லாத செக்டரை நாளை மறுபடி அழிப்போம். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் வாங்கும்போதே ±20 சதவீதம் முன்னே பின்னே இருக்கும், வெயில் அடிக்கும் தகரக் கூரைக்குக் கீழே வருடங்கள் போகப் போக வற்றும். தேவைக்கு இரண்டு மடங்காவது போடுங்கள். “கருவியில் பேட்டரி இருக்கிறதே” என்பவர்களுக்கு: இருக்கும், இரண்டு வருடம். அப்புறம் அதை யாரும் மாற்ற மாட்டார்கள்.

மின்னழுத்தம் குறைந்தால் மைக்ரோகண்ட்ரோலரை நிறுத்தி வைக்கும் பிரவுன்அவுட் ரீசெட்டை அதன் உச்ச நிலையில், 2.8 வோல்ட் அருகே, வையுங்கள். குறைந்த மின்னழுத்தத்தில் மைக்ரோகண்ட்ரோலர் சும்மா நின்றுவிடாது, உளற ஆரம்பிக்கும். தவறான கட்டளையை ஓட்டி, தவறான இடத்தில் எழுதும். பழைய ஏவிஆர் சிப்களின் டேட்டாஷீட்டிலேயே, மின்னழுத்தம் போதாத நேரத்தில் ரீசெட்டைப் பிடித்து வைக்காவிட்டால் ஈஈப்ராம் கெடும் என்று தனிப் பத்தி இருக்கும். ஃப்ளாஷ் சிப் 2.7 வோல்ட் வரை வேலை செய்யும் என்பதால், அதற்கு முன்பே மூளையை அமர்த்துவதே சரி.

லினக்ஸ் போர்டும் எஸ்டி கார்டும் வைத்துச் செய்யலாமா என்ற எண்ணம் இருந்தால், அதைப் பற்றி இரண்டு வார்த்தை. அங்கே ஃபைலை எழுதுவது உங்கள் கையில் இருக்கிறது: தற்காலிக ஃபைலில் எழுதி, எஃப்சிங்க் செய்து (கார்டில் எழுதி முடிக்கச் சொல்லிக் காத்திருந்து), பெயர் மாற்றி, டைரக்டரிக்கும் எஃப்சிங்க் செய்யலாம், இயங்குதளம் இருக்கும் ரூட் பகுதியைப் படிக்க மட்டும் என்று பூட்டலாம். ஆனால் கார்டுக்குள் இருக்கும் கண்ட்ரோலர் என்ன செய்கிறது என்பது உங்கள் கையில் இல்லை. அது தன் வசதிக்குப் பிளாக்குகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும், உங்கள் பார்ட்டிஷன் எல்லை அதற்குத் தெரியாது. டேட்டா பார்ட்டிஷனில் எழுதும்போது கரண்ட் போய், பூட்டி வைத்த ரூட் பகுதி கெடலாம். 2013-இல் ஃபாஸ்ட் என்ற சேமிப்பகத் தொழில்நுட்ப மாநாட்டில் வெளியான ஒரு ஆய்வில் 15 எஸ்எஸ்டிகளைக் கரண்டை வெட்டி வெட்டிச் சோதித்தார்கள். 13 ஏதாவது ஒரு விதத்தில் தவறின. அந்தப் பதினைந்தில் விலை கூடியவையும் இருந்தன. கடைவீதி எஸ்டி கார்டுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். போர்டிலேயே பற்றவைக்கும் இஎம்எம்சி சிப்பாவது நம்பகமான எழுத்து என்ற வசதியைத் தரத்திலேயே வைத்திருக்கிறது. உங்கள் வேலைக்கு நார் சிப்பே மேல். அது நாம் சொன்னதை மட்டும் செய்யும்.

சோதனையில் கஞ்சத்தனம் வேண்டாம். முதலில் கணினியில்: ராமில் ஒரு போலி ஃப்ளாஷ், அதில் பிட்கள் 1-இலிருந்து 0-க்கு மட்டும் போகும். முதல் எழுத்துச் செயலில் வெட்டி, மறுபடி பூட் செய்து சரிபார், இரண்டாவதில் வெட்டு, மூன்றாவதில் வெட்டு, இப்படி ஒவ்வொரு படியிலும். சில நிமிடங்களில் முடியும், பெரும்பாலான தர்க்கப் பிழைகள் இங்கேயே சிக்கும். பிறகு நிஜக் கருவியில்: மாஸ்ஃபெட் சுவிட்ச் வழியாகக் கரண்டைத் தற்செயலான நேரங்களில் வெட்டுங்கள். கருவி ஒவ்வொரு பதிவையும் உறுதி செய்ததும் அதன் எண்ணைச் சீரியல் வழியாகக் கணினிக்குச் சொல்லட்டும். மறுபடி ஆன் ஆனதும், கணினிக்குச் சொன்ன எல்லா எண்ணும் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நொடிக்கு ஒரு வெட்டு என்றால் ஒரே நாளில் 17,280.

வெட்டும் விதத்தையும் மாற்ற வேண்டும். நாங்கள் செய்த ஒரு கருவி ஆயிரக்கணக்கான வெட்டுகளைத் தாண்டி, களத்தில் முதல் மாதமே டேட்டாவை இழந்தது. சோதனையில் ரிலே 230 வோல்ட் பக்கத்தைச் சுத்தமாக வெட்டி, இரண்டு நொடி கழித்து ஆன் செய்தது. களத்தில் இருந்ததோ தளர்ந்த பிளக் பாயின்ட். 3.3 வோல்ட் ஒன்றரை வோல்ட் வரை இறங்கி, உடனே ஏறி, மறுபடி இறங்கும். மேலே சொன்ன பிஸி பிட் பாடத்தை நான் கற்றது அங்கேதான். ஆகவே சுத்தமான வெட்டு, மெதுவான சரிவு, துள்ளும் பிளக் மூன்றையும் சோதியுங்கள். 12 வோல்ட் பக்கம் மட்டுமல்ல, கெப்பாசிட்டரைத் தவிர்த்து நேராக 3.3 வோல்ட்டையும் வெட்டுங்கள். முதல் வாக்குறுதி அங்கேயும் நிற்க வேண்டும்.

களத்தில் இருக்கும் நூறு கருவிகளுக்கு வன்பொருளை மாற்ற முடியாது என்பதால், வரிசை இப்படி இருக்கட்டும். இந்த வாரமே ஃபார்மட் வரியை நீக்கி, பிஸி காத்திருப்பையும் என்எம்ஐ கையாளியையும் சேர்த்து ஒரு சிறிய அப்டேட். சீட்டு அடிப்பதைப் பதிவுக்குப் பின்னால் தள்ளுவதும் இதிலேயே வரலாம். பேரேடு முறை அடுத்த அப்டேட்டில்; அதற்கு முன் பழைய ஃபைல்களை லேப்டாப்பில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். டையோடும் கெப்பாசிட்டரும் அடுத்து தயாரிக்கும் போர்டுகளில். அப்டேட் ஓடும்போதும் கரண்ட் போகும் என்பதை மறக்க வேண்டாம். ஜி4-இல் இரட்டை பேங்க் (உள் ஃப்ளாஷ் இரண்டு தனிப் பாதிகளாக) உள்ள வகைதானா என்று பார்த்து, புதிய ஃபர்ம்வேரை மறு பேங்கில் முழுதாக எழுதி, சிஆர்சி பார்த்த பிறகே மாறுங்கள். ஒற்றை பேங்க் என்றால் முதல் அப்டேட்டை உங்கள் ஆள் நேரில் போய், கையில் ஒரு 12 வோல்ட் பேட்டரியோடு செய்வதுதான் நல்லது.